எத்தன பாயிண்டு போட்ட?

கோட்டுச்சேரி செல்லையன் மகள் மதிவதனியை ஒரே கேள்வியில் கொதிக்க வைத்துவிடலாம். "எத்தன பாயிண்டு போட்ட?" என்று கேட்டால் போதும். முதலில் காது மடல் சிவக்கும், பிறகு மூக்கு. அதற்குமேலும் எதிரில் நிற்பவருக்குத் துணிச்சல் அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியை அவளிடம் முதன்முதலில் கேட்டது வேறு யாருமில்லை, பெற்ற அப்பாதான். விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

எட்டாம் வகுப்பிலேயே வீட்டு வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம் அவளுக்கு. தெருவில் "கொடிமரம்" என்று பெயர் வைத்தார்கள். அந்த உயரம்தான் அவளைக் கூடைப்பந்துக்கு இழுத்துக்கொண்டு போனது. ஆனால் பந்தைக் கூடையில் போடுவதைவிட, போட வருகிறவளைப் போடவிடாமல் செய்வதில்தான் அவளுக்கு ருசி. எதிராளி எந்தப் பக்கம் பாயப்போகிறாள் என்பதை அந்தப் பெண்ணின் இடுப்பை வைத்தே கண்டுபிடித்து, முன்கூட்டிப் போய் நின்றுவிடுவாள். அந்தப் பெண் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பாள்.

பள்ளிக் கடைசி வருடத்தில், மாநிலத்துக்கே பேர்போன ஒருத்தியை ஆட்டம் முழுக்க நாலே பாயிண்டோடு கட்டிப்போட்டாள். பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்பாவிடம் சொன்னாள். செல்லையன் அப்போதுதான் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அது சரிம்மா. நீ எத்தன பாயிண்டு போட்ட?"

"ரெண்டு."

"ரெண்டுதானா?"

அவள் அன்று இரவு சாப்பிடவில்லை.

சென்னையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து, துறை அணிக்கு ஏழு வருடம் ஆடினாள். பிறகு பணக்காரர்கள் சிலர் சேர்ந்து தொழில்முறை லீக் ஒன்றை ஆரம்பித்தார்கள். வண்ண விளக்கு, காது கிழியும் பாட்டு, வெளிநாட்டுப் பயிற்சியாளர் என்று ஒரே அமர்க்களம். அதில் ஒரு அணி இவளை எடுத்துக்கொண்டது. இன்றைய ஆட்டம் என்ன என்பதை அவள் கற்றுக்கொண்டது அங்கேதான். முன்பெல்லாம் உயரமான ஆள் ஒருவர் கூடைக்கடியில் நின்றால் பாதி வேலை முடிந்துவிடும். இப்போது எதிரணியில் ஐந்து பேருமே தூரத்திலிருந்து போடுகிறார்கள். போதாக்குறைக்கு, அவர்களில் ஒருவர் நம் ஆளின் வழியில் வந்து சுவர் மாதிரி நின்றுகொள்வார். பந்து வைத்திருப்பவர் அந்தச் சந்தில் நழுவிவிடுவார். ஆளுக்கு ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு நின்றால் இதைத் தடுக்கவே முடியாது. ஒருவர் ஏமாந்தால் அடுத்தவர் வந்து அடைக்க வேண்டும். அவர் விட்டுவிட்டு வந்த ஆளை மூன்றாமவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பந்து ஒரு கையைவிட்டு இன்னொரு கைக்குப் போய்ச் சேருவதற்குள் ஐந்து பேரும் இடம் மாறியாக வேண்டும்.

இதைக் கண்ணை வைத்துக்கொண்டு செய்ய முடியாது, காதை வைத்துக்கொண்டுதான் செய்ய முடியும். முன்னால் நிற்கிறவருக்கு முதுகில் கண் இல்லை. கூடைக்கடியில் கடைசியாக நிற்கிற ஆளுக்குத்தான் மைதானம் முழுக்கத் தெரியும். அந்த ஆளின் வாய் ஓயவே கூடாது. அந்த அணியில் அந்த வாய் மதிவதனியுடையது.

அந்த வருடம் அவர்கள்தான் கோப்பையை வாங்கினார்கள். பத்திரிகையில் வந்த படத்தில் மதிவதனி ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு நின்றாள். நடுவில் கோப்பையோடு நின்றவள், தான் பிடிக்க வேண்டிய ஆளை அம்போ என்று விட்டுவிட்டு நடுக்கோட்டிலேயே பந்துக்காகக் காத்துக்கொண்டிருப்பவள். அவள் விட்ட ஆளையும் சேர்த்துப் பிடித்தது மதிவதனி. போட்டால் கை தட்டுகிறார்கள், போடவிடாமல் செய்தால் எவன் தட்டுகிறான்? அடுத்த வருடம் லீக்கையே இழுத்து மூடினார்கள். அதற்கு முன்பே இவளுடைய முழங்கால் போயிருந்தது. காரைக்காலுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தாள். வரும்போது வயிற்றெரிச்சலையும் மறக்காமல் எடுத்து வந்தாள்.

அவளை ஊர்க் கூடைப்பந்துக் கழகத்துக்குள் இழுத்தது சேக் அலாவுதீன். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து, கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். கடற்கரைச் சாலை மைதானத்தில் ஆடும் கூடைப்பந்துக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். வருடா வருடம் மே மாதம் அங்கே போட்டி நடக்கும். முந்தைய வருடம் சென்னையிலிருந்து வந்த துறை அணியிடம் கழகத்து ஆண்கள் வாங்கிய அடியில், பார்க்க வந்தவர்கள் பாதியிலேயே எழுந்து சுண்டல் வாங்கப் போய்விட்டார்கள்.

"நம்ம பசங்க நல்லாத்தாம்மா போடுறாங்க. ஆனா வர்றவன் எல்லாம் திறந்த வீட்டுல நுழையிற மாதிரில நுழையிறான்" என்றார் அலாவுதீன். "நீ வந்து கதவப் போடு."

வந்தாள். வந்த முதல் நாளே பந்தை எடுத்துப் பூட்டி வைத்தாள். பந்து இல்லாமலே நகரப் பழக வேண்டும் என்றாள். அறிவுச்செல்வனுக்கு அது பொறுக்கவில்லை. அவன் அரசு அலுவலகம் ஒன்றில் மேல்நிலை எழுத்தர். முப்பத்தாறு வயதிலும் கழகத்தில் அதிகம் பாயிண்ட் போடுகிறவன் அவன்தான். அந்தப் பெருமையில் தடுக்கிற நேரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான்.

"பந்து இல்லாம என்னங்க மேடம் பாஸ்கெட்பால்? எலயப் போட்டுட்டு சோறு போடாத கதையால்ல இருக்கு."

"பரிமாறுறவனே போற வர்றவனுக்கெல்லாம் சோத்த வாரிக் கொடுத்தா எல என்னாத்துக்கு? ஓடுங்க."

ஓடினார்கள். கால் பழகிவிட்டது. வாய்தான் பழகவில்லை. கூடைக்கடியில் நிற்பவன் சஃபியுல்லா, திருமலைராயன்பட்டினத்துப் பையன். கல்லூரியை முடித்துவிட்டு மாமாவின் செல்போன் கடையில் இருக்கிறான். அணியிலேயே அவன்தான் உயரம், அவன்தான் வயதில் இளையவன். எல்லாவற்றையும் பார்க்கிற கண் அவனுக்கு இருந்தது. பார்த்ததைச் சொல்வதற்குத்தான் அவனுக்கு வழி தெரியவில்லை.

"அறிவு சார், வலது பக்கம் ஆள் வருது சார்" என்பான்.

மதிவதனிக்குக் காது சிவந்தது. "ரெண்டு சார் போட்டு நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவன் பந்தப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பான்டா! பேரச் சொல்லு. பக்கத்தச் சொல்லு. அவ்வளவுதான்!"

"எப்படிக்கா, சார் பெரியவரு."

"நேத்துப் பொறந்த பய என்னப் பேர் சொல்லிக் கூப்புடுறதா?" என்று அறிவுச்செல்வன் சட்டென்று நின்றுவிட்டான். "ஆபீஸ்ல எனக்குக் கீழ பத்துப் பேரு வேல பாக்குறாங்க."

தங்கையனும் அவன் பக்கம்தான் சேர்ந்தான். தங்கையன் கருக்களாச்சேரி மீனவன். நல்ல தடுப்பாளன், அதிகம் பேசாதவன். "எனக்கும் சரியாப் படலக்கா" என்றான். "கடல்ல வல இழுக்கயில எங்கப்பாவயே நான் கத்துவேன். அங்க கத்தலன்னா கை போயிடும். கரைக்கு வந்துட்டா அப்படிக் கத்த முடியுமா?"

"அப்ப இந்தக் கோட்டுக்குள்ள வந்துட்டா கடல்னு வச்சுக்கங்க" என்றாள் மதிவதனி. "உள்ள யாருக்கும் அண்ணன் கெடையாது, சார் கெடையாது, அக்கா கெடையாது. பேரு மட்டுந்தான். வெளில போயி கால்ல வேணாலும் விழுந்துக்கங்க."

அறிவுச்செல்வன் ஓரக்கண்ணால் பார்த்தான். "உங்களையும் பேரு சொல்லித்தானா?"

"என்னையுந்தான்."

சட்டம் போட்டாயிற்று. எவன் கேட்டான்? சஃபியுல்லா "சார்" என்பதை விட்டான், கூடவே பேச்சையும் விட்டான். பெயரும் சொல்ல முடியாமல், மரியாதையும் சொல்லக் கூடாமல், தொண்டையில் ஏதோ சிக்கிய மாதிரி நிற்பான். மதிவதனிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று அவளே கத்த ஆரம்பித்தாள். "அறிவு, வலது! தங்கையா, பின்னால! சஃபி, முன்னால வா!" கடற்கரையில் காற்று வாங்க வந்தவர்கள் சண்டையோ என்று எட்டிப் பார்த்தார்கள். பயிற்சியாளர் கத்தினால் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை, எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். வேலை நடந்தது. நடந்ததால் அவளும் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

போட்டிக்கு முந்திய வாரம் அலாவுதீன் தயங்கித் தயங்கி வந்தார். "கமிட்டியில பேச்சு அடிபடுதும்மா. பொம்பள இப்படி வாயக் கிழிக்கிறான்னு ரெண்டு பேரு சொல்றாங்க. அறிவுச்செல்வனே பயிற்சி கொடுக்கட்டுமேங்கிறாங்க. இந்தத் தடவயும் மெட்ராஸ்காரன்கிட்ட போன வருசம் மாதிரி கேவலப்பட்டா என்னால ஒனக்காகப் பேச முடியாது. அல்லாவுக்காக, கொஞ்சம் மெதுவாக் கத்து."

மதிவதனி அன்றைக்கு இன்னும் சத்தமாகக் கத்தினாள். இதுவும் கையைவிட்டுப் போனால் அவளுக்கு மிச்சம் அலுவலகத்து நாற்காலியும் முழங்கால் வலியும்தான். அந்த நினைப்பே அவளை எரித்தது.

ஆட்டத்தன்று சாயங்காலம் மைதானத்துப் படிக்கட்டுகள் நிரம்பிவிட்டன. முன்வரிசையில் தோளில் துண்டோடு செல்லையன். மகள் ஆடிய காலத்தில் ஒரு ஆட்டத்துக்கும் வராத மனிதர், நடவு இல்லாத மாதம் என்பதால் வந்திருந்தார். அவரைக் கண்டதுமே இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் கழித்து இப்போது என்ன?

முதல் பாதியில் கழகம் தடுக்க வேண்டிய கூடை அவள் நின்ற பக்கத்திலேயே இருந்தது. சொன்னது சொன்ன மாத்திரத்தில் காதில் விழுந்தது. சென்னைக்காரர்கள் சம்பளம் வாங்கி ஆடுகிறவர்கள், வந்த வேகத்தில் முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருந்தார்கள். அவர்கள் எந்தச் சந்தில் நுழைந்தாலும் அங்கே ஒரு ஆள் நின்றான். இடைவேளையில் சென்னைக்காரர்கள் இரண்டே பாயிண்ட்தான் முன்னால். அலாவுதீன் எல்லாருக்கும் மோர் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாம் பாதியில் கூடைகள் மாறின. இப்போது தடுக்க வேண்டியது கடலைப் பார்த்த அந்தக் கோடியில். எதிர்க்காற்று வேறு. மதிவதனி கத்தியது பாதி வழியிலேயே கரைந்தது. பந்து இடம் மாறிய பிறகுதான் அவள் குரல் போய்ச் சேர்ந்தது. கோட்டை ஒட்டியே அந்தப் பக்கம் ஓடினாள்; நடுவர் திரும்பிப் போகச் சொன்னார். மறுபடியும் ஓடினாள், இனி ஓடினால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். அங்கிருந்தே அடிவயிற்றிலிருந்து கத்தினாள். இரண்டு பாயிண்ட் ஏழானது, பத்தானது. படிக்கட்டில் இரண்டு பேர் சுண்டலுக்கு எழுந்தார்கள். அறிவுச்செல்வன் இடுப்பில் கை வைத்தான்.

"தங்கையா, வலது! வலது!"

அவள் பார்த்தபோது ஆள் வலதில்தான் இருந்தான். அது தங்கையன் காதில் விழுவதற்குள் அவன் இடதில் இருந்தான். தங்கையன் சொன்ன பேச்சைத் தட்டாமல் வலதுக்குப் பாய்ந்தான். இடது பக்கம் காலியாகக் கிடந்தது. சென்னைக்காரன் ஆற அமர நடந்து போய்ப் பந்தைப் போட்டான்.

கூடைக்கடியில் நின்ற சஃபியுல்லா கையைக் காலை உதறினான். இடது என்று அவன் சொல்லித்தான் இருந்தான், அவளுடைய சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அவன் திரும்பினான். முகமெல்லாம் வியர்வை. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

"மதிவதனி! வாய மூடு!"

காற்று அவன் பக்கம். படிக்கட்டின் கடைசி வரிசைவரை கேட்டது. சுண்டலுக்கு எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். அலாவுதீன் "யா அல்லா" என்று தலையில் கை வைத்தார். செல்லையன் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மதிவதனிக்குக் காது, மூக்கு, கழுத்து எல்லாம் தீயாக எரிந்தது. அவனை இழுத்து வந்து நாலு அறை விட வேண்டும் போலிருந்தது. நேற்று மீசை முளைத்த பயல், தன் அப்பா பார்க்க, ஊர் பார்க்க! வாயைத் திறந்தும்விட்டாள். அறிவுச்செல்வன் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது என்ன செய்வாய் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. உன்னையும் பேர் சொல்லித்தானா என்று கேட்டவனும் அவன்தான், என்னையும்தான் என்று சொன்னவளும் இவள்தான். திறந்த வாயைப் பல்லைக் கடித்து மூடிக்கொண்டு, பெஞ்சில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அறிவுச்செல்வன் இடுப்பிலிருந்து கையை எடுத்தான். அவளே வாங்கிக்கொண்ட பிறகு அவன் எந்த முகத்தோடு முறைப்பது?

அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் ஒரே குரல்தான். "அறிவு, இடது! தங்கையா, விட்டுடு, நான் இருக்கேன்! அறிவு, அவன விடாத, ஒட்டு!" சஃபியுல்லாவுக்கு அடைத்திருந்த ஏதோ ஒன்று உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. மதிவதனி பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஐந்து பேரும் ஒரு துணியை நாலு பக்கமும் இழுத்த மாதிரிச் சேர்ந்து நகர்ந்தார்கள். அவள் கத்திய காலத்தில் ஒரு நாள்கூட அவர்கள் இப்படி நகர்ந்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

பத்து ஆறானது. ஆறு நாலானது. அறிவுச்செல்வன் தூரத்திலிருந்து ஒன்று போட்டான், தங்கையன் அடிபட்டு விழுந்துகொண்டே இன்னொன்று போட்டான். கடைசியில் கழகம் ஒரு பாயிண்ட் முன்னால். பந்து சென்னைக்காரர்கள் கையில். அவர்களுடைய கெட்டிக்காரன் அறிவுச்செல்வனைத் தாண்ட நெருங்கினான். அவனுக்கு வழிவிட இன்னொருவன் அறிவுச்செல்வனின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். அறிவுச்செல்வனுக்கு அது தெரிய வழியே இல்லை.

"அறிவு, பின்னால ஆளு! மேல ஏறு!"

அறிவுச்செல்வன் திரும்பிப் பார்க்கவில்லை. யார் சொன்னது, என்ன வயது என்று யோசிக்கவில்லை. பந்து வைத்திருந்தவனை ஒட்டி ஒரு அடி மேலே ஏறினான். சந்து அடைபட்டது. கெட்டிக்காரன் வேறு வழியில்லாமல் பின்னால் சாய்ந்து எறிந்த பந்து வளையத்தில் இடித்து வெளியே விழுந்தது. ஊதல் ஒலித்தது.

மறுநாள் அடுத்த சுற்றில் கழகம் தோற்றுத்தான் போனது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. சென்னைக்காரர்களை ஜெயித்த அன்றைக்கு மைதானத்தில் விசில் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. அலாவுதீன் ஓடிவந்து, "கமிட்டியில எவனாவது இனி வாயத் தொறக்கட்டும், நான் பாத்துக்கிறேன். அடுத்த வருசமும் நீதாம்மா" என்றார். கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும் அறிவுச்செல்வன் சஃபியுல்லாவின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். "கரைக்கு வந்தாச்சு. இனிமே சார். தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

சஃபியுல்லா தலையைக் குனிந்துகொண்டு மதிவதனியிடம் வந்தான். "மன்னிச்சுக்குங்கக்கா. ஏதோ வாயில வந்துடுச்சு."

"மன்னிப்பா?" அவள் சீறினாள். "இந்தத் தொண்டைய இவ்வளவு நாளா எங்கடா ஒளிச்சு வச்சிருந்த? மொதப் பாதியிலயே கத்தியிருந்தா இப்படி மூச்சு முட்டி ஜெயிக்க வேண்டி வந்திருக்குமா? போ, போயி மோர் குடி."

செல்லையன் படியிறங்கி வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஊரே பாக்க அந்தப் பய ஒன்ன வாய மூடுங்கிறான். நீயும் பொத்திக்கிட்டு உக்காந்துட்ட."

"அவன் சொன்னது சரிப்பா."

"என்ன சரி? அப்படி எத்தன பாயிண்டு போட்டுட்டான் அவன்?"

"நாலு."

"நாலுதா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கடலோரக் கூடையைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன் கத்தலன்னா அந்தக் கடைசிப் பந்து உள்ள போயிருக்கும். இல்ல?"

"போயிருக்கும்."

"நீ மெட்ராஸ்ல இருந்தப்ப இந்த வேலையத்தான் பாத்தியா?"

மதிவதனிக்கு மறுபடியும் காது சிவந்தது. "பதினஞ்சு வருசமா வேற என்னத்தப்பா ஒங்ககிட்ட நான் சொல்லிக்கிட்டு இருக்கேன்!" அவள் போட்ட சத்தத்தில், மோர் குடித்துக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்லையன் கோபித்துக்கொள்ளவில்லை. துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு கேட்டார். "பள்ளிக்கூடத்துல ஆடுனப்ப ஒரு பொண்ண நாலோட நிறுத்திட்டேன்னு ஒரு நாளு ஓடியாந்து சொன்னியே. அந்தப் பொண்ணு வழக்கமா எத்தன போடும்?"

அதை அவர் நினைவில் வைத்திருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை.

"முப்பதுக்குக் கொறையாதுப்பா."

அவர் தடுத்ததையும் போட்டதையும் சேர்த்து விரலை மடக்கி மடக்கி எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மகளை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு நீ ரெண்டு போடலம்மா. இருவத்தெட்டு போட்டிருக்க."